பிள்ளைகளை ஊருக்குக் கூட்டிப்போகுமுன்: ஹெபடைடிஸ் ஏ ஊசி

டிக்கெட் போட்டாயிற்று. பெட்டியில் பாதி இடத்தைச் சாக்லேட்டும் பாதாமும் பிடித்துக்கொண்டன. ஊசி? "அம்மா வீட்டுக்குத்தானே போறோம், அதுக்கு எதுக்கு ஊசி" என்று சொன்னவன் நான்தான். லண்டனில் பிறந்த எங்கள் பிள்ளைகள் இருவரையும் முதல்முறையாக ஐந்து வாரம் மதுரைக்குக் கூட்டிப்போன வருடம் அது. ஜூலை கடைசியில் போய் செப்டம்பர் தொடக்கத்தில் திரும்பினோம். அங்கே இருந்தவரை யாருக்கும் ஒரு தும்மல்கூட இல்லை.

செப்டம்பர் மூன்றாவது வாரம், எட்டு வயது மகன் தோசைத் தட்டைத் தள்ளிவைத்தான். வாசனையே பிடிக்கவில்லையாம். பள்ளிக்கூடம் திறந்த அலுப்பு என்று விட்டுவிட்டோம். இரண்டு நாள் லேசான காய்ச்சல், வாந்தி. மூன்றாம் நாள் காலை பாத்ரூமிலிருந்து கூப்பிட்டான்: "அப்பா, கோக் கலர்ல போகுது." ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்திக் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். விழியின் வெள்ளை, மஞ்சள் கரைத்த தண்ணீர் மாதிரி இருந்தது.

ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் ஏ என்று வந்தது, கல்லீரலைத் தாக்கும் ஒரு வைரஸ் கிருமி. நாம் ஊரில் மஞ்சள் காமாலை என்று சொல்வதில் பெரும்பங்கு இதுதான். மூன்று வாரத்தில் பையன் தேறிவிட்டான். அதற்குள் பள்ளிக்கூடத்துக்குத் தகவல், சுகாதாரத் துறையிலிருந்து தொலைபேசி, "எந்தத் தேதியில் யாரோடு சாப்பிட்டான், யார் அதே கழிவறையைப் பயன்படுத்தினார்கள்" என்று கேள்விமேல் கேள்வி. ஒரே ஒரு ஊசி போட்டிருந்தால் இவ்வளவும் இல்லை. அடுத்த பயணத்துக்கு முன் நான் கற்றுக்கொண்டதை, முதல்முறை பிள்ளைகளை ஊருக்குக் கூட்டிப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை. உங்கள் பிள்ளைக்கு எது சரி என்று கடைசியில் உங்கள் டாக்டரோ நர்ஸோதான் சொல்லவேண்டும்.

முதலில், உங்களுக்கு வராதது அவர்களுக்கு ஏன் வருகிறது

எங்கள் வீட்டில் மகனுக்கு மட்டும் வந்தது. எனக்கும் மனைவிக்கும் ஒன்றுமில்லை. மூன்று வயது மகளும் ஓடியாடிக்கொண்டிருந்தாள். காரணம் இதுதான். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சுமார் 70 சதவீதம் பேருக்கு இந்தக் கிருமி தொற்றினாலும் வெளியே தெரியாது. கண் மஞ்சளாகாது, காய்ச்சல்கூடச் சிலருக்கு இருக்காது. ஒருமுறை வந்து போனால் ஆயுளுக்கும் மறுபடி வராது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தமிழ்நாட்டில் வளர்ந்த பெரும்பாலோருக்குத் தெருக்குழாய்த் தண்ணீரிலும் பள்ளிக்கூட வாசல் மாங்காய்க் கீற்றிலும் சின்ன வயதிலேயே இது வந்து, தெரியாமலே போயிருக்கும். "நான் அந்தத் தண்ணியைக் குடிச்சு வளந்தவன், எனக்கு என்ன ஆச்சு" என்று நாம் மார்தட்டுவதற்குப் பின்னால் இருப்பது அதுதான்.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு அந்த வாய்ப்பு வருவதில்லை. அதுவும் வயது ஏற ஏற நோய் கடுமையாகிறது. பதின்ம வயதினருக்கும் பெரியவர்களுக்கும் தொற்றினால் பெரும்பாலும் கண் மஞ்சளாகும் அளவுக்குப் போகும். நாற்பது, ஐம்பது தாண்டியவர்களுக்கும் ஏற்கெனவே கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அபூர்வமாக உயிருக்கே ஆபத்தாகலாம். ஹெபடைடிஸ் பி, சி போல இது உடலில் தங்கி நாள்பட்ட நோயாவதில்லை. அது ஒரு நிம்மதி.

அடுத்த பயணத்துக்கு முன் ஜிபி (குடும்ப டாக்டர்) கிளினிக்குக்குப் போனபோது நர்ஸ் என் படிவத்தைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, ஹோட்டலில் தங்கப்போகிறீர்களா, சொந்தக்காரர் வீட்டிலா என்பது. சொந்த வீடு என்றால் பத்திரம் என்று நினைத்துப் பெருமையாகச் சொன்னேன். அவர் கணக்கு நேர் எதிர். ஹோட்டலில் தங்குகிறவர் இரண்டு வாரத்தில் திரும்பிவிடுவார், பாட்டில் தண்ணீரைத் தவிர வேறு தொடமாட்டார். நாமோ ஐந்து வாரம் இருப்போம், எல்லார் வீட்டிலும் சாப்பிடுவோம், கொடுத்த மோரை வேண்டாம் என்று சொல்லமாட்டோம். ஊசியும் போட்டிருக்கமாட்டோம்.

யாருக்கு ஊசி வேண்டும் என்று பார்ப்பது

பிள்ளைகளின் தடுப்பூசிப் புத்தகத்தை எடுங்கள். அமெரிக்காவில் 2006-இலிருந்து ஒரு வயதுக் குழந்தைகளுக்கு வழக்கமான ஊசிகளோடு இதையும் சேர்த்தார்கள். ஆகவே அங்கே பிறந்த பிள்ளைகள் பலருக்கு ஏற்கெனவே போட்டிருக்கும். பிரிட்டனிலும் சிங்கப்பூரிலும் இது வழக்கமான அட்டவணையில் இல்லை. நீங்களாகக் கேட்டுப் போட்டிருந்தால்தான் உண்டு. "எல்லா ஊசியும் போட்டாச்சு" என்ற நினைப்பில்தான் நான் ஏமாந்தேன். அட்டவணையில் உள்ள எல்லாம் போட்டிருந்தோம், இது அதில் இல்லை.

பெரியவர்களில், ஊரில் வளர்ந்தவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்கலாம். ஹெபடைடிஸ் ஏ ஐஜிஜி என்று பரிசோதனைக்குப் பெயர். ஐஜிஎம் என்பது வேறு, இப்போது நோய் இருக்கிறதா என்று சொல்வது அது. நேரமில்லை என்றால் பரிசோதனையை விட்டுவிட்டு ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி உள்ளவருக்குப் போட்டாலும் கெடுதல் இல்லை. தொண்ணூறுகளில் சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பில், சுத்திகரித்த தண்ணீரில் வளர்ந்தவர் என்றால் "எனக்குச் சின்ன வயசுலயே வந்திருக்கும்" என்று நம்பிக்கொண்டிருக்கவேண்டாம். இந்தியாவிலேயே இப்போது நிலைமை மாறிவருகிறது. சுகாதாரம் கூடக்கூட, சிறுவயதில் தொற்றாமல் வளர்கிறவர்கள் பெருகுகிறார்கள். ஒரு தண்ணீர்த் தொட்டி கெட்டால் இளைஞர்களும் நடுவயதினரும் கூட்டமாகப் படுக்கிறார்கள். 2024-இல் கேரளத்தின் எறணாகுளம் மாவட்டம் வேங்கூரில் நடந்தது அப்படித்தான், இருநூறு பேருக்கு மேல் காமாலை. இந்திய அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் இது இல்லை. ஊரில் இருக்கும் அண்ணன் பிள்ளைகள், அக்கா பிள்ளைகளுக்குப் போட்டிருக்கிறதா என்று கேட்டுவையுங்கள். தனியார் குழந்தை மருத்துவர்களிடம் கிடைக்கும்.

எப்போது, எங்கே போடுவது

பயணத்துக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் முன்பு கிளம்புங்கள். இந்த ஒரு ஊசிக்கு அவ்வளவு நாள் தேவையில்லை, டைபாய்டு முதலிய மற்றவற்றையும் சேர்த்து முடிக்கத்தான். பிரிட்டனில் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: ஹெபடைடிஸ் ஏ, டைபாய்டு இரண்டு பயண ஊசிகளும் என்எச்எஸ் என்ற அரசு மருத்துவ சேவையில் இலவசம். ஆனால் எல்லா ஜிபி கிளினிக்கிலும் பயண ஊசி போடுவதில்லை, ஜூன் மாதம் நாள் கிடைப்பதும் கஷ்டம். முதலில் பயணப் படிவம் ஒன்றைக் கேட்டு வாங்கி நிரப்பிக் கொடுக்கவேண்டும். எந்த ஊர், எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்பார்கள். "இந்தியா" என்று மட்டும் எழுதாமல், கிராமத்துக்கும் போவோம், சொந்தக்காரர் வீட்டில் தங்குவோம் என்று எழுதுங்கள். ஜிபியில் இடமில்லை என்றால் தனியார் பயண கிளினிக், பெரிய மருந்துக்கடைகள். அங்கே காசு கொடுக்கவேண்டும்.

சரி, அடுத்த வாரமே விமானம் என்றால்? அப்போதும் போடுங்கள். கிருமி உள்ளே போன நாளிலிருந்து நோய் தலைகாட்ட 15 முதல் 50 நாள் ஆகும், சராசரியாக 28 நாள். ஊசி இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் நல்ல பாதுகாப்பைத் தந்துவிடும். கிருமி நிதானமாக வேலை செய்வதால் ஊசி அதை முந்திக்கொள்ள வாய்ப்பு அதிகம். கிளம்பும் நாளன்று போட்டாலும் பலன் உண்டு என்பதுதான் இன்றைய மருத்துவ ஆலோசனை. இரண்டு வாரத்துக்குள் கிளம்புகிற 40 வயது தாண்டியவர்கள், கல்லீரல் நோயோ எதிர்ப்புச் சக்திக் குறைவோ உள்ளவர்கள், தங்கள் நிலைமையை டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். அமெரிக்காவில் இவர்களுக்கு ஊசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை எதிர்ப்புப் பொருளையும் சிலசமயம் கொடுப்பார்கள்.

எந்த ஊசி

ஹேவ்ரிக்ஸ், அவாக்ஸிம், வேக்டா என்று பல பெயர்களில் வருகிறது. செத்த கிருமியால் செய்தவை இவை, ஊசியால் நோய் வராது. எதைப் போட்டாலும் பரவாயில்லை, பெயரையும் தேதியையும் எழுதிவாங்குங்கள். இரண்டு டோஸ்: முதலாவது பயணத்துக்கு முன், இரண்டாவது ஆறு மாதம் கழித்து. இந்தியாவில் உயிருள்ள, வலுவிழந்த கிருமியால் செய்த ஒரே டோஸ் ஊசியும் உண்டு. ஊரில் போட்டுக்கொண்டவர் எது என்று சீட்டைப் பார்த்துத் தெரிந்துவைத்துக்கொள்ளவேண்டும்.

இங்கே ஒரு சூட்சுமம். ஏ, பி இரண்டுக்கும் சேர்த்து ட்வின்ரிக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. ஒரே குத்தில் இரண்டு காரியம் என்று ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பெரியவர்களுக்கான ட்வின்ரிக்ஸ் ஒரு டோஸில் ஹெபடைடிஸ் ஏ பகுதி 720 அலகு. தனி ஹேவ்ரிக்ஸில் 1440. பாதிதான். சாதாரண முறையில் 0, 1, 6 மாதம் என்று மூன்று டோஸும் முடிக்க நேரம் இருந்தால் ட்வின்ரிக்ஸ் நல்லதே. இரண்டு வாரத்தில் விமானம் ஏறுகிறவர் ட்வின்ரிக்ஸ் ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டு ஏ-க்கு முழுப் பாதுகாப்பு வந்துவிட்டதாக நினைக்கக்கூடாது. அவருக்குத் தனி ஏ ஊசிதான் நல்லது. என் மைத்துனர் இதில் மாட்டவிருந்தார், நர்ஸ்தான் தடுத்தார்.

கைக்குழந்தை விஷயம். ஊசி பொதுவாக ஒரு வயதிலிருந்துதான். அமெரிக்காவில் 6 முதல் 11 மாதக் குழந்தைகளுக்கும் வெளிநாட்டுப் பயணம் என்றால் ஒரு டோஸ் போடச் சொல்கிறார்கள். அது கணக்கில் சேராது. ஒரு வயதுக்குப் பிறகு இரண்டு டோஸும் புதிதாகப் போடவேண்டும். அதைவிடச் சின்னக் குழந்தைக்கு ஊசி இல்லை. தாய்ப்பாலும் சுத்தமும்தான் முக்கியக் காவல், சிலசமயம் டாக்டர் இம்யூனோகுளோபுலின் கொடுக்கலாம். அதைக் கொடுத்தால் தட்டம்மை ஊசி சில மாதம் சரியாக வேலை செய்யாது. ஆகவே குழந்தைக்கு எந்த ஊசி எப்போது பாக்கி என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

போடும் அன்று பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். கை வலிக்கும், சிலருக்கு ஒருநாள் தலைவலியோ லேசான காய்ச்சலோ இருக்கும். முன்பு ஏதாவது ஊசிக்கோ, நியோமைசின் என்ற மருந்துக்கோ கடும் ஒவ்வாமை வந்திருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். கர்ப்பிணிகளும் சொல்லவேண்டும். என் மகள் ஊசி முடிந்ததும் நர்ஸைப் பார்த்து "உனக்கும் போடணும்" என்று அழுதாள், அவ்வளவுதான்.

ஊரில் இறங்கியபின்

டைபாய்டு, சாதாரண வயிற்றுப்போக்கு, ஹெபடைடிஸ் ஈ எதையும் இந்த ஊசி தடுக்காது. ஈ என்பது ஏ-யைப் போலவே தண்ணீரில் வருவது, பார்க்கவும் அதே காமாலைதான். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இருப்பவர்களுக்கு அது மிகவும் ஆபத்து. அதற்கான ஊசி பெரும்பாலான நாடுகளில் கிடைப்பதில்லை. ஆகவே கர்ப்பிணி யாராவது உங்களோடு வந்தால் தண்ணீர் விஷயத்தில் இரட்டிப்புக் கவனம்.

கிருமி நோயாளியின் மலத்தில் வெளியேறி, தண்ணீர், கை, சாப்பாடு வழியாக அடுத்தவர் வாய்க்குப் போகிறது. கண் மஞ்சளாவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்புதான் மிக அதிகமாக வெளியேறும். அதாவது பரிமாறுகிறவர் நன்றாக இருப்பதுபோலவே இருப்பார், தான் கொடுக்கிறோம் என்று அவருக்கே தெரியாது. 1988-இல் ஷாங்காயில் அரைவேக்காட்டுச் சிப்பி தின்றதில் சுமார் மூன்று லட்சம் பேர் படுத்தார்கள். நன்றாக வெந்திருந்தால் கிருமி செத்திருக்கும்: 85 டிகிரிச் சூடு ஒரு நிமிடம் போதும். குளிர்ந்தால் சாகாது. ஐஸில் அது சுகமாகக் கிடக்கும்.

எங்கள் வீட்டில் ஆர்ஓ மெஷின் இருந்தது. அதை நம்பித்தான் இருந்தேன். திரும்பிவந்து, ஒவ்வொரு நாளாக யோசித்தபோதுதான் தெரிந்தது. குடிக்கிற தண்ணீர் மெஷினில் வந்தது, சட்னி அரைத்தது தொட்டித் தண்ணீரில். மோருக்கு ஊற்றியது தொட்டித் தண்ணீர். கொத்தமல்லி அலசியதும் அதிலேயே. கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது பையன் குடித்த கரும்புச்சாற்றில் ஐஸ் கட்டி. அப்புறம் ஜிகர்தண்டா, அது இரண்டு நாளைக்கு ஒருமுறை. எதிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது, அதனால் யாரையும் குற்றம் சொல்லவும் இல்லை.

அடுத்த முறை நாங்கள் வைத்த ஒழுங்கு சின்னது. சூடாக ஆவி பறக்க வருவது எதுவும் தின்னலாம், ரோட்டுக்கடை இட்லியாக இருந்தாலும் சரி. உரித்துத் தின்னும் வாழைப்பழம், ஆரஞ்சு, கண் முன்னே வெட்டிய இளநீர், எல்லாம் சரி. ஐஸ் போட்ட பானம், வெட்டி வைத்த பழம், பானிபூரித் தண்ணீர், பச்சையாக அலசிய இலை வேண்டாம். கல்யாண வீட்டுப் பந்தியில் டம்ளர் தண்ணீர் வேண்டாம், சீல் உடைக்காத பாட்டில். சாப்பாட்டுக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது. பையில் வைத்திருக்கும் ஆல்கஹால் ஜெல் இந்தக் கிருமியிடம் அவ்வளவாகச் செல்லாது, சோப்பும் ஓடும் தண்ணீரும்தான்.

அம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டம். "நம்ம வீட்டுத் தண்ணியிலயா வியாதி வருது?" என்று முகம் சுருங்கிவிடும். தண்ணீர் கெட்டது என்று சொல்லவே கூடாது. "பிள்ளைக்கு டாக்டர் சுடுதண்ணிதான் குடிக்கச் சொல்லியிருக்காரும்மா" என்று சொன்னேன். மறுநாளிலிருந்து காலை ஐந்தரைக்கே அடுப்பில் பெரிய குண்டான் ஏறியது, சட்னிக்கும் அதே தண்ணீர். டாக்டர் பெயருக்கு இருக்கும் மரியாதை மருமகள் பேச்சுக்கு இருக்காது என்று மனைவி இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

திரும்பியபின்

ஊசி போடாமல் போய்வந்தவர் திரும்பிய தேதியிலிருந்து 50 நாளைக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பசியின்மை, குமட்டல், காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி, கடும் நிறத்தில் சிறுநீர், வெளிறிய மலம், மஞ்சள் கண். இதில் எது வந்தாலும் டாக்டரிடம் போய் முதல் வாக்கியமே "இந்தியாவிலிருந்து வந்து இத்தனை நாள் ஆகிறது" என்று இருக்கட்டும். அதைச் சொல்லாவிட்டால் சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், எங்களை முதல்நாள் அனுப்பியதுபோல. அதே அறிகுறிகளோடு மலேரியாவும் டைபாய்டும்கூட வரலாம் என்பதால் அவர்களுக்கும் அந்தத் தகவல் தேவை.

இதற்கென்று தனி மருந்து இல்லை. ஓய்வு, போதிய தண்ணீர், பிடித்த சாப்பாடு. பாரசிட்டமாலை டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் கொடுக்கக்கூடாது, கல்லீரல்தான் அதையும் கையாளவேண்டும். பெரியவர் என்றால் மது அறவே கூடாது. ஊரிலிருந்து தொலைபேசியில் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கச் சொல்வார்கள், எனக்கு எட்டு பேர் சொன்னார்கள். பெரும்பாலோருக்குக் காமாலை தானாகவே இறங்கிவிடும். அந்தச் சமயத்தில் எதைக் கொடுத்திருந்தாலும் பெயர் அதற்குப் போகும். கொடுப்பதாக இருந்தால் டாக்டருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள். குழப்பமான பேச்சு, அளவுக்கு மீறிய தூக்கம், ரத்தக் கசிவு, நிற்காத வாந்தி என்றால் உடனே மருத்துவமனை. பத்தில் ஒருவருக்குக் குணமானபின் சில மாதங்களுக்குள் மறுபடி தலைகாட்டுவதும் உண்டு. அது புதிதாகத் தொற்றுவது இல்லை, அதே நோயின் மிச்சம். பயப்படவேண்டாம், அதுவும் போய்விடும்.

கண் மஞ்சளான நாளிலிருந்து ஏழு நாள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பக்கூடாது. வீட்டில் ஊசி போடாத மற்றவர்களுக்கு, நோயாளியோடு பழகிய இரண்டு வாரத்துக்குள் ஊசி போட்டால் தடுத்துவிடலாம். என் மகளுக்கு அப்படித்தான் முதல் டோஸ் கிடைத்தது.

இரண்டாவது டோஸைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள், பயணம் முடிந்ததும் ஊசி ஞாபகமும் போய்விடும். அதைப் போட்டால் இருபத்தைந்து வருடத்துக்குக் குறையாமல் பாதுகாப்பு என்கிறார்கள். நாள் தள்ளிப்போனால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து போட்டால் போதும். மகளுக்கு மார்ச்சில் போடவேண்டியதை ஃப்ரிட்ஜில் காகிதம் ஒட்டிவைத்தும் ஆகஸ்டில்தான் போட்டோம். நர்ஸ் ஒன்றும் திட்டவில்லை. தேதியை எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.